சும்மா கெடக்குற கல்லு

ஆபீஸ் கேண்டீன்ல நடந்த உரையாடல் இது. (ஆணி கம்மியா இருந்த நாள்னு புரிஞ்சுக்கங்க.)

"மச்சி, பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயி என்ன பண்ணின?"

"மலையேறினேன்டா."

"எங்க, கொல்லிமலையா?"

"இல்ல, எங்க ஊர்லயே. குளத்தூர் பக்கம், நார்த்தாமலை."

"புதுக்கோட்டையில ஏதுடா மலை?"

போன்ல இருந்த படத்தைக் காட்டினேன். ரெண்டு விரலால பெருசாக்கிப் பாத்தான், திருப்பிப் பாத்தான். அப்புறம் சொன்னான்: "இதுவாடா மலை? மரமே இல்ல, பாதையே இல்ல. சும்மா கெடக்குற கல்லுடா இது."

அவன் நல்லவன். விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஆனா 'சும்மா கெடக்குற கல்லு'ங்கிற அந்த வார்த்தையை நான் இதுக்கு முன்னாடியும் கேட்டிருக்கேன். எங்க அம்மாயி ஊர்ல ஒரு மொட்டைப்பாறை இருந்துச்சு. ஊர் பேர் வேணாம். சின்னப் புள்ளையில லீவுக்குப் போனா அதுமேல ஏறி சறுக்கி விளையாடி டிரவுசரைக் கிழிச்சுக்கிட்டு வந்து அடி வாங்குவோம். அதை உடைக்க ஆள் வந்தப்ப ஊர்ல ஒருத்தரும் பெருசா எதிர்க்கல. "சும்மா கெடக்குற கல்லுதானே, நாலு பேருக்கு வேலை கெடைக்கும்"னு சொன்னாங்க. இன்னைக்கு அந்த இடத்துல பாறை இல்ல. பெரிய பள்ளம் இருக்கு, அடியில பச்சைக் கலர்ல தண்ணி நிக்குது. ஆடு மாடு விழாம இருக்க முள்ளு வெட்டிப் போட்டிருக்காங்க. அவ்வளவுதான்.

அதனால இந்தப் பதிவு கொஞ்சம் காரமாத்தான் இருக்கும். சொல்லிட்டேன்.

முதல்ல அந்த ஒரு நாள் நடந்த கதையைச் சொல்லிடறேன். சண்டை அப்புறம்.

காலையில அஞ்சரை மணிக்கு நானும் சித்தப்பா மகனும் பைக்ல கிளம்பினோம். கையில புளிசோறு, ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணி, ஒரு தூக்குல நீச்சத்தண்ணி. குளத்தூர் தாலுகாவுலதான் நார்த்தாமலை இருக்கு. திருச்சி - புதுக்கோட்டை ரோட்டுல போறவங்க பஸ் ஜன்னல் வழியா எத்தனையோ தடவை பாத்திருப்பீங்க. முத்துமாரியம்மன் கோயில் பங்குனித் திருவிழாவுக்கு வந்தவங்களும் இருப்பீங்க. கோயிலைச் சுத்தி மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, உவச்சன்மலை, ஆளுருட்டிமலை, பொம்மாடிமலை, மண்மலை, பொன்மலைன்னு வரிசையா குன்றுகள். அனுமார் தூக்கிட்டுப் போன சஞ்சீவி மலையில இருந்து சிதறி விழுந்த துண்டுங்கதான் இதெல்லாம்னு ஊர்ல சொல்லுவாங்க. நாரதர் மலைதான் நார்த்தாமலை ஆச்சும்பாங்க. ஆராய்ச்சி பண்ணினவங்க, இது நகரத்தார் மலை, அதாவது வணிகக் குழுக்கள் இருந்த ஊர், அதுதான் மருவிடுச்சுன்னு சொல்றாங்க. சோழர் காலத்துல இதுக்குத் தெலுங்கு குலகாலபுரம்னும் பேர் இருந்திருக்கு.

மேலமலையில விஜயாலய சோழீச்சரம் வரைக்கும் ஒரு தடம் இருக்கு. சறுக்கலான பாறையில ஏறிப் போனா மேற்குப் பாத்து அந்தக் கோயில் நிக்குது. ஒன்பதாம் நூற்றாண்டு. உள்ள கருவறை வட்டம், வெளிச்சுவர் சதுரம். பேர்ல விஜயாலயன் இருந்தாலும், கட்டினவர் இளங்கோவதி அரையர்ங்கிற முத்தரையர் தலைவர்னும், மழையில இடிஞ்சதை மல்லன் விடுமன்ங்கிறவர் எடுத்துக் கட்டினார்னும் கல்வெட்டே சொல்லுது. எதிர்ல பாறையைக் குடைஞ்ச ரெண்டு குகை. ஒண்ணு பழியிலி ஈச்சரம். இன்னொண்ணுல ஒரே மாதிரி 12 திருமால் சிற்பங்கள் ஆளுயரத்துக்கு வரிசையா நிக்கும். இவ்வளவு தூரம் எல்லாரும் வருவாங்க, போட்டோ எடுப்பாங்க, இறங்கிடுவாங்க.

நாங்க அங்க இருந்துதான் ஆரம்பிச்சோம். கோயிலைத் தாண்டினா பாதை கிடையாது.

பாதை இல்லாத பாறையில நடக்கிறது பத்தி ரெண்டு வார்த்தை சொல்லணும். காட்டுல வழி தவறினா சுத்தி மரம். இங்க எல்லாமே தெரியும். ரோடு தெரியும், செல்போன் டவர் தெரியும், கீழ மாரியம்மன் கோயில் ஸ்பீக்கர் சத்தம் கூட கேக்கும். இருந்தும் இறங்க முடியாம மாட்டிக்குவீங்க. காரணம், இந்தப் பாறைங்க வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்கா உரியுற ஜாதி. அதனால கவுத்து வெச்ச சட்டி மாதிரி உருண்டையா இருக்கும். உச்சியில நின்னா சரிவு லேசாத்தான் தெரியும். இறங்க இறங்க ஒவ்வொரு அடிக்கும் செங்குத்தாகிட்டே போகும். கீழ இருக்கிற ஆபத்து மேல இருந்து கண்ணுக்கே தெரியாது. ஏறும்போது கஷ்டமான இடம் முதல்லயே வந்துடும், அங்கேயே திரும்பிடலாம். இறங்கும்போது அது கடைசியிலதான் வரும். பாறையில கறுப்பா நீளமா கோடு ஓடுதா, அது மழைத்தண்ணி வழியுற இடம், ஈரம் இருந்தா கால் நிக்காது. வெளிறின சொரசொரப்பான பாறைன்னா பிடிக்கும். ஆட்டுப் புழுக்கை கெடந்தா அந்த வழியை நம்பலாம்.

இதெல்லாம் எனக்கு முன்னாடியே தெரியும்னு நினைச்சுடாதீங்க. பத்து மணி வாக்குல தப்பான பக்கத்துல இறங்கி, கால் வெடவெடத்து, உக்காந்துக்கிட்டே பின்னாடி பின்னாடி நகர்ந்து மேல வந்து சேர்ந்தப்ப கத்துக்கிட்டது. பி.இ. படிச்ச மூளை, மூணு ஆப் வெச்சிருந்த போன், எதுவும் வேலைக்கு ஆகல. அங்க ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த ஒரு பெரியவர்தான் சத்தம் போட்டுக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்தப் பக்கம் ஆடே எறங்காது. நீங்க எங்க எறங்குறீங்க?"

அவர்தான் எங்களைக் கூட்டிக்கிட்டுப் போய் சுனையைக் காட்டினார். மேலமலையில தலையருவி சிங்கம்னு ஒரு சுனை இருக்கு. தண்ணிக்குள்ள, பாறையைக் குடைஞ்ச இடத்துல ஒரு லிங்கம். 1857-ல புதுக்கோட்டை ராணி தண்ணியை இறைச்சுட்டுக் கும்பிட்டாங்கன்னு பக்கத்துல கல்வெட்டு இருக்கு. மத்தபடி வருஷம் பூரா சாமி தண்ணிக்குள்ளதான். சுத்தி எல்லாம் வெயில்ல கொதிக்கிற பாறை. அதுக்கு நடுவுல இப்படி ஒரு தண்ணி. தட்டான் பறக்குது, ஓரத்துல கோரை நிக்குது.

"ஐயா, இங்க பாதை போட்டா நல்லா இருக்குமே"ன்னு சித்தப்பா மகன் கேட்டான்.

பெரியவர் கொஞ்ச நேரம் பதிலே சொல்லல. அப்புறம், "பாதை போட்டா யாரு வருவான்னு தெரியாதுல்ல தம்பி"ன்னார்.

மதியம் ஒரு மர நிழல்ல புளிசோறு, அரைத் தூக்கம். சாயங்காலம் கடம்பர்மலை. அங்க கோயிலை ஒட்டின பாறையிலேயே சோழர் காலத்துக் கல்வெட்டைப் பெருசா வெட்டி வெச்சிருக்காங்க. இருட்டுறதுக்குள்ள பைக்குக்கு வந்துட்டோம். கை காலெல்லாம் சிராய்ப்பு. அன்னைக்கு பூரா பாறைமேல நாங்க பாத்த மனுஷங்க மொத்தம் நாலு பேர். மயிலை எண்ணல.

கதை முடிஞ்சுது. இப்ப சண்டை.

இந்த மாதிரிக் குன்றுகளுக்கு ரெண்டு எதிரிங்க. ஒருத்தர் நல்ல எண்ணத்தோட வர்றவர். இன்னொருத்தர் டிப்பர் லாரியோட வர்றவர்.

நல்ல எண்ணக்காரர் சொல்றது: "இவ்வளவு அழகான இடம் யாருக்கும் தெரியாமக் கெடக்கே. படிக்கட்டு கட்டணும், கம்பி போடணும், அம்புக்குறி வரையணும், உச்சியில ஒரு செல்பி மேடை, கீழ ஒரு கார் பார்க்கிங்." டிப்பர்காரர் சொல்றது: "இவ்வளவு கல்லு யாருக்கும் பிரயோசனமில்லாமக் கெடக்கே. ஜல்லியாக்கணும்." ரெண்டு பேரும் பரம எதிரிங்க மாதிரி தெரியும். ஆனா ரெண்டு பேர் வாயிலயும் 'கெடக்கே'ங்கிறது இருக்கு பாருங்க. மலை சும்மா கெடக்கு, நாம ஏதாவது பண்ணினாத்தான் அதுக்கு மதிப்பு. இதுதான் ரெண்டு பேரோட சித்தாந்தமும்.

சும்மா கெடக்குதா? கணக்குப் பாப்போம்.

எங்க ஜில்லா ஆறு பாயுற ஜில்லா இல்ல. மழையை நம்பின பூமி, கண்மாயும் ஏந்தலும் குளமுமாத்தான் பொழச்சுது. எங்க ஊர் பேர்லயே குளம் இருக்கு. மொட்டைப் பாறையில விழுற மழையைப் பாறை குடிக்காது. அப்படியே வழிஞ்சு ஓடைக்கு வரும், ஓடை கண்மாய்க்கு வரும். செம்மண் தரையில விழுற மழையில பாதி அங்கேயே காணாமப் போகும், பாறையில விழுறது பெரும்பாலும் கீழ வந்து சேரும். நம்ம வீட்டு மாடியில விழுற மழையைக் குழாய் வெச்சு தொட்டிக்குக் கொண்டு வர்றமே, அதே வேலையைத்தான் இந்தக் குன்றுங்க ஊர்க் கண்மாய்க்குப் பண்ணுது. கரெண்ட் பில் இல்ல, பராமரிப்பு இல்ல. மலையைத் தோண்டிப் பள்ளமாக்கினா என்ன ஆகும்? அந்தத் தண்ணி பள்ளத்துக்குள்ளயே நின்னுடும். வரத்து வாய்க்கால் காஞ்சிடும். அப்புறம் "கண்மாய் ஏன் நெறையல"ன்னு கிராம சபையில மண்டையை உடைச்சுக்குவோம்.

என் பொழப்புல இருந்தே ஒரு உதாரணம் சொல்றேன். பழைய கோடு ஒண்ணு இருக்கும். யார் எழுதினான்னு தெரியாது, என்ன பண்ணுதுன்னு யாரும் எழுதி வைக்கல. புதுசா சேர்ந்த பையன் "இது சும்மா கெடக்கு"ன்னு அழிச்சுடுவான். ராத்திரி ரெண்டு மணிக்கு எங்கேயோ ஒரு மூலையில எல்லாம் படுத்துரும். எங்களுக்கு பேக்கப் இருக்கு, காலையில திருப்பி வெச்சுடுவோம். மலைக்கு பேக்கப் கிடையாது மக்களே.

இப்ப என் மேல கல்லெறியுறவங்களுக்கு வருவோம். (கல்லுக்குப் பஞ்சமில்லாத ஊர்.)

ஒண்ணு: "நீ குடியிருக்கிற அபார்ட்மென்ட் எதுல கட்டினது தம்பி?"

நியாயமான கேள்வி. ஜல்லியிலயும் எம் சாண்ட்லயும்தான் கட்டினது. ஆத்து மணலைச் சுரண்டித் தீத்துட்டு, இப்ப பாறையை மாவா அரைச்சு மணல்னு பேர் வெச்சிருக்கோம். அந்த மாவுல என் வீட்டுச் சுவரும் இருக்கு. அதனால குவாரியே கூடாதுன்னு சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல, சொல்லவும் மாட்டேன். நான் கேக்கறது வேற. எந்தக் கல்லை எடுக்கறது, எதை விடறதுன்னு முடிவு பண்றது யாரு? பதிவேட்டுல இந்த மாதிரி இடத்துக்கெல்லாம் என்ன பேர் தெரியுமா? கல்லாங்குத்துப் புறம்போக்கு. சுனை இருக்கா, சாமி இருக்கா, ஆடு மேயுதா, எந்தக் கண்மாய்க்குத் தண்ணி போகுதுன்னெல்லாம் அந்த வார்த்தைக்குள்ள எதுவுமே இல்ல. ஒரு மலையோட மொத்த ஜாதகமும் அந்த ஒத்தை வார்த்தையில முடிஞ்சு போச்சு.

ரெண்டு: "ராஜராஜனே இங்க இருந்துதான் கல் எடுத்தான்."

ஆமா. தஞ்சாவூர் சமவெளியில பாறை கிடையாது. பெரிய கோயிலுக்குக் கல்லு இந்தப் பக்கத்துக் குன்றுகள்ல இருந்துதான் போயிருக்கணும்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. சரி, அப்ப எடுத்த முறை என்ன? பாறையில வரிசையா உளிக்குழி போட்டு, ஆப்பு அடிச்சு, பலகை பலகையாப் பிளந்து எடுக்கறது. நம்ம பக்கத்துப் பாறைங்கள்ல இன்னைக்கும் அந்த மாதிரிக் குழி வரிசை பாக்கலாம். அப்படி எடுத்த கல்லுல கட்டின கோயில் 1010-ல குடமுழுக்கு ஆகி ஆயிரம் வருஷம் தாண்டி நிக்குது. மலையும் நிக்குது. இன்னைக்கு வெடி வெச்சு, கிரஷர்ல போட்டு ஜல்லியாக்கி நாம கட்டுறது முப்பது நாப்பது வருஷத்துல இடிச்சுட்டு மறுபடி கட்டுற கட்டடம். கட்டடமும் நிக்கப் போறதில்ல, மலையும் நிக்கப் போறதில்ல. ராஜராஜன் பேரை இழுக்கிறவங்க அவன் மாதிரியே ஆப்பு அடிச்சு எடுக்கட்டும், நான் வாயே திறக்கல :-)

மூணு: "வேலை வாய்ப்பு போயிடுமே."

கல்லுடைக்கிற ஆளுங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. வெயில்ல, தூசியில, நுரையீரலை அடகு வெச்சுப் பொழைக்கிறாங்க. ஆனா ஒரு குன்றுல இருந்து கிடைக்கிற வேலை, குன்று தீர்ந்த அன்னைக்குத் தீர்ந்துரும். கண்மாய்ல இருந்து கிடைக்கிற விவசாய வேலை, மேய்ச்சல், வருஷா வருஷம் வரும். எங்க அம்மாயி ஊர் பாறையை உடைச்ச நாலு பேருக்கு வேலை எத்தனை வருஷம் இருந்துச்சுன்னு எண்ணிப் பாத்தேன். ஒரு கை விரல் போதும்.

நாலு: "சட்டம் இருக்குல்ல? அது பாத்துக்கும்."

சட்டம் இருக்கு. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுத்தி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதுக்கு வெளிய இன்னொரு 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதின்னு 1992-லயே அறிவிப்பு வந்து, 2010-ல சட்டத் திருத்தமாவே ஆயிடுச்சு. குடியிருப்புல இருந்து 300 மீட்டருக்குள்ள கல்குவாரி கூடாதுன்னு மாநில கனிம விதி சொல்லுது. நல்லது. அதனால கோயில் இருக்கிற மேலமலை தப்பிச்சுக்கும்னு வெச்சுக்கலாம். கோயில் இல்லாத குன்று? கல்வெட்டு இல்லாத சுனை? ஊர்ல இருந்து தள்ளி, ஆடு மட்டும் போற பாறை? அதுக்கு எந்த மீட்டர் கணக்கும் இல்ல. நம்ம சட்டம் மனுஷன் செதுக்கின கல்லைத்தான் காப்பாத்துது. மனுஷன் கை படாத கல்லுக்கு அதுகிட்ட ஒரு சொல்லும் இல்ல.

அதோட, கேள்வி கேட்டா என்ன ஆகும்னும் எங்க ஜில்லாவுக்குத் தெரியும். திருமயம் பக்கத்துல சட்டவிரோத கல்குவாரிங்களை எதிர்த்து மனு மேல மனு கொடுத்தவர் ஜகபர் அலி. 2025 ஜனவரி 17-ம் தேதி லாரி ஏத்திக் கொல்லப்பட்டார். முதல்ல விபத்துன்னுதான் பேச்சு. அப்புறம் கொலை வழக்காச்சு, குவாரி நடத்தினவங்க கைதானாங்க, வழக்கு சிபிசிஐடிக்குப் போச்சு. மலையேறுறது பொழுதுபோக்குன்னு நினைக்கிற என்னை மாதிரி ஆளுங்க இதைக் கொஞ்ச நேரம் யோசிக்கணும். நாங்க சனிக்கிழமை ஏறிட்டு ஞாயித்துக்கிழமை படம் போடற அதே குன்றுகளுக்காக ஒரு மனுஷன் உசுரு போயிருக்கு.

சரி, அப்ப நல்ல எண்ணக்காரர் சொல்ற மாதிரி சுற்றுலாத் தலமாக்கிட்டா மலை பொழச்சுக்குமா? அதுக்கும் நான் எதிர்க்கட்சிதான். ஏன்னு சொல்றேன்.

முதல்ல அவர் பக்க நியாயம். 2018 மார்ச் 11-ல குரங்கணியில காட்டுத்தீயில சிக்கி மலையேற்றம் போன 23 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம் அரசாங்கம் மலையேற்றத்துக்கு விதி கொண்டு வந்துச்சு. 2024 அக்டோபர்ல 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 14 மாவட்டத்துல 40 பாதைகளோட வனத்துறை திட்டம் ஆரம்பிச்சாங்க. எளிது, மிதம், கடினம்னு பிரிச்சு, முன்பதிவு, கூடவே உள்ளூர் வழிகாட்டி. பெரிய காட்டுக்கு, யானை இருக்கிற மலைக்கு இது தேவைதான். அந்தப் பட்டியல்ல புதுக்கோட்டை இல்லைன்னு ஆரம்பத்துல எனக்கும் வருத்தமா இருந்துச்சு. அந்தச் சுனைப் பக்கத்துல உக்காந்திருந்தப்ப வருத்தம் போயிடுச்சு.

பாதைன்னா என்னன்னு தெரிஞ்சுக்க சித்தன்னவாசல் போங்க. ஓவியத்தைப் பாத்துட்டுத் திரும்பிடாதீங்க, மலைமேல ஏழடிப்பட்டத்துக்கு ஏறுங்க. இயற்கையான குகை. உள்ள வழவழன்னு தேய்ச்ச 17 கல் படுக்கை. ஒண்ணுல தமிழி எழுத்து. கிறிஸ்து பிறக்கறதுக்கு முன்னாடியே சமணத் துறவிங்க இருந்த இடம். அந்தச் செங்குத்துப் பாறையில போய்ச் சேர அவங்க பண்ணின ஏற்பாடு என்ன? கால் வைக்க ஏழு குழி. ஏழே ஏழு. அதனாலதான் அந்தப் பேரு. இப்ப கம்பி இருக்கு, வயசானவங்களும் பாக்கணும்ல, அது ஒத்துக்கறேன். ஆனா மொத்த மலைக்கும் அவங்க வெட்டினது ஏழு குழிதான்ங்கிறதை மறந்துடாதீங்க. வேண்டிய இடத்துல வேண்டிய அளவு. மீதி மலையை அவங்க தொடவே இல்ல.

நாம பாதை போட்டா ஏழு குழியோட நிக்க மாட்டோம். சிமெண்ட் படி வரும், படிக்கு உபயதாரர் பேர் வரும், கடை வரும், பிளாஸ்டிக் வரும், பாறையில பெயிண்ட்ல காதலர் பேர் வரும். கடைசியில ஜேசிபி ஏற ஒரு ரோடு வரும். அந்த ரோட்டுல யார் வருவான்னு தெரியாதுன்னுதான் ஆடு மேய்க்கிற பெரியவர் சொன்னார். நான் ரெண்டு பக்கம் எழுதினதை அவர் ஒரு வரியில முடிச்சுட்டார்.

"அப்ப என்னதான்டா பண்ணச் சொல்ற?"ன்னு கேக்கறீங்க. இருங்க.

இங்கிலாந்துல கிண்டர் ஸ்கவுட்னு ஒரு மேட்டு நிலம். ஜமீன்தாருங்க வேட்டைக்கு வெச்சுக்கிட்டு, ஜனங்க நடக்கக் கூடாதுன்னு வேலி கட்டின இடம். 1932 ஏப்ரல் 24-ல மில் தொழிலாளிங்க உட்பட சில நூறு பேர் சேந்து அதுமேல நடந்தாங்க. அஞ்சு பேருக்கு ஜெயில். ஆனா அந்த நடை சும்மா போகல. 1949-ல தேசியப் பூங்கா சட்டம் வந்துச்சு, 1951-ல அந்த நாட்டோட முதல் தேசியப் பூங்கா அமைஞ்சது அதே மலைப் பக்கத்துலதான். அவங்க படி கேக்கல, கம்பி கேக்கல. நடக்க விடுன்னுதான் கேட்டாங்க.

அவ்வளவு தூரம் எதுக்கு, மதுரைக்குப் போவோம். அரிட்டாபட்டியும் நார்த்தாமலை மாதிரிதான். மொட்டைக் குன்றுகள், சுனைகள், குடைவரை, சமணர் படுக்கை. 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அதை அறிவிச்சாங்க. 2024 நவம்பர்ல அந்தப் பகுதியைச் சேத்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிஞ்சுதுன்னு செய்தி. ஜனங்க விடல. ஊர் ஊரா திரண்டாங்க, மதுரை வரைக்கும் நடந்தே போனாங்க. 2025 ஜனவரி 23-ல மத்திய அரசு ஏலத்தை ரத்து பண்ணுச்சு. இங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு. அந்த ஊர்க்காரங்களுக்குத் தங்களோட ஒவ்வொரு குன்றும், ஒவ்வொரு சுனையும் பேரோட தெரியும். அதனாலதான் எது போகப் போகுதுன்னு பட்டியல் போட முடிஞ்சுது. பேர் தெரியாத மலைக்காக யாரும் ரோட்டுக்கு வர மாட்டாங்க.

நான் கேக்கறதும் அதுதான். அரசாங்கத்துக்கிட்ட கேக்கறது ஒண்ணு: எந்தக் குன்றையும் குத்தகைக்கு விடறதுக்கு முன்னாடி, கல்லாங்குத்துன்னு ஒத்தை வார்த்தையில முடிக்காம, அதுல என்ன இருக்கு, தண்ணி எந்தக் கண்மாய்க்குப் போகுது, யார் ஆடு மேயுதுன்னு எழுதி, சர்வே நம்பரோட கிராம சபையில தமிழ்ல படிச்சுக் காட்டுங்க. கையெழுத்து அப்புறம் வாங்குங்க.

நம்மகிட்ட கேக்கறது ரெண்டு. முதலாவது, நடங்க. உங்க ஊர் பக்கத்துலயே, பேர் மறந்து போன குன்று ஒண்ணு இருக்கும். வனத்துறைக் காப்புக்காடுன்னா அனுமதி வாங்கிட்டுப் போங்க. மழை பெஞ்ச மறுநாள் போகாதீங்க, தனியாப் போகாதீங்க, ஏறின வழியிலேயே இறங்குங்க. பத்து மணிக்கு மேல பாறை சுடும். முடிஞ்சா ஆடு மேய்க்கிற ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போய், சம்பளம் கொடுங்க. கம்பெனி டூருக்கு ஆயிரக்கணக்குல கொடுக்கறமே, ஒரு நாள் கூலியைத் தாராளமாக் கொடுக்கலாம்.

ரெண்டாவது, பேரைக் கேட்டு எழுதி வைங்க. இந்தப் பாறைக்கு என்ன பேரு, இந்தச் சுனைக்கு என்ன பேரு, இங்க எந்தச் சாமி. அந்தப் பெரியவருக்கு நான் எண்ணின வரைக்கும் இருபது பேருக்கு மேல தெரியுது. அவர் பேரனுக்கு எத்தனை தெரியும்னு கேட்டேன். "அவன் திருப்பூர்ல இருக்கான் தம்பி"ன்னார். எனக்கு எத்தனை தெரியும்னு அவர் கேக்கல. கேட்டிருந்தா அசிங்கமாப் போயிருக்கும்.

எங்க அம்மாயி ஊர் பாறைக்கு ஒரு பேர் இருந்திருக்கணும். நாங்க புள்ளைங்க மொட்டைப்பாறைன்னு கூப்பிட்டோம். பெரியவங்க வேற ஏதோ சொல்லுவாங்க. போன வாரம் அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அம்மாயி இருந்தா சொல்லியிருக்கும்டா. எனக்கு ஞாபகம் வரலியே"ன்னாங்க.

சும்மா கெடந்த கல்லுதானே.

டிஸ்கி: கேண்டீன் நண்பனுக்கு இதைப் படிக்கச் சொல்லி அனுப்பியாச்சு. அடுத்த லீவுக்கு ஊருக்கு வர்றேன்னு சொல்லியிருக்கான். புளிசோறு நம்ம செலவு. தப்பான பக்கம் இறங்கினா கூப்பிட்டு ஏத்திவிட பெரியவர் இருக்கார்.